நாலு டிகிரி வரட்டும்

ஃப்ரீசரில் பதின்மூன்று காட்டுகிறது. நாலு வர வேண்டும். நாலு வந்ததும் மாடிக்குப் போய், தம்பி, கொஞ்சம் கீழே வந்துட்டுப் போ என்று கூப்பிட்டுவிடுவேன். அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைக் கூப்பிட நல்ல நேரமா பார்க்க வேண்டும்? ஆனாலும் நாலு வரட்டும். வெதுவெதுப்பான பீரை நீட்டி, அப்பனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று அவன் நினைத்துவிடக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டினவன், ஒரு நாளைக்கு முந்நூறு பாளம் இறக்கினவன், பன்னிரண்டு பாட்டிலைக் குளிர வைக்கத் தெரியாமல் நின்றான் என்றால் கேட்கிறவன் வாயால் சிரிக்க மாட்டான். மணி நாலே முக்கால். இளம்பரிதி ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு மேலே தூங்குகிறான். ஐந்தரைக்கு எழுந்து குளிப்பான், சென்ட் அடிப்பான், வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஆறு மணிக்கு இறங்குவான், ‘அம்மா, வர்றேன்’ என்பான். அம்மாவிடம்தான். நான் பக்கத்தில் தூண் மாதிரி நின்றாலும் அம்மாவிடம்தான். பிறகு பதினோரு மணிக்கு ஏலக்காய் வாசத்தோடு பூனை போலப் படியேறுவான். வெள்ளிக்கிழமை அப்படி, நேற்றும் அப்படி. நாளைக் காலையில் பெங்களூர் பஸ். தை பிறந்தால் அயர்லாந்து, டப்ளினோ என்னவோ, ஆபீஸிலேயே அனுப்புகிறார்களாம், நாலு வருஷமாம், அதற்குமேல் அங்கேயே இருந்தாலும் இருப்பானாம். ஆக, எனக்கு இருப்பது இந்த ஒரு சாயங்காலம். இந்தப் பாரைக் கட்டினதே இந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான். வெளியே போய்க் கூட்டாளிகளோடு குடிக்கிறதை இங்கே என் எதிரில் உட்கார்ந்து குடி, ஒரு மணி நேரம் என்னோடு பேசு. இதைச் சொல்லத் தெரியாமல் ஆறடிக்கு மேஜை இழைத்திருக்கிறேன்.

மூடியைத் திறந்து பார்க்கலாமா. வேண்டாம். திறந்தால் உள்ளே இருக்கிற குளிர் அத்தனையும் வெளியே கொட்டிவிடும். இது எனக்குத் தெரியாதா. கதவத் தெறக்காதீங்கடா, உங்க வூட்டு பீரோவா அது என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டினவன் நான். சரி, ஒரே ஒரு தரம். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி குளிர்கிறதா, ஓரத்தில் இருப்பது மட்டும் உறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் அல்லவா, உறைந்தால் வெடித்துவிடும் அல்லவா, இது திறப்பில் சேராது, இது சோதனை. பலகையைத் தூக்கி, மூடியையும் தூக்கினால் முகத்தில் வந்து அடிக்கிறது அந்தச் சில்லிப்பு. ஆகா. என்ன சுகம். பாட்டில் கழுத்தெல்லாம் வேர்த்திருக்கிறது. விரலால் ஒன்றைத் தொட்டேன், பிறகு அதன் பக்கத்தில் இருப்பதையும் தொட்டேன், பாரபட்சம் பார்க்கக் கூடாது என்று பன்னிரண்டையும் தொட்டேன். மூடினால் சிவப்பு எழுத்தில் பதினாறு காட்டுகிறது. போச்சா. இனிமேல் திறந்தேன் என்றால் என் பேர் தணிகாசலம் இல்லை.

ஆனால் நன்றாகத்தான் வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, இருந்தாலும் வேறு யார் சொல்வார்கள். இடித்த வீட்டுச் சாமான் கடையில் எடுத்த தேக்குக் கதவு இரண்டு, கீல் இருந்த பள்ளத்தை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், தடவினால் விரல் அங்கே போய் நிற்கிறது. ஃப்ரீசர், மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்தது. மூடியில் ஒட்டின பென்குயின் இன்னும் சிரிக்கிறது, சுரண்டிப் பார்த்தேன், போக மாட்டேன் என்றது, இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன். ஃப்ரீசர் அதன் புத்திக்கு விட்டால் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டுவரை இறங்கிப் பாட்டிலையெல்லாம் பிளந்துவிடும். அதனால் நாலில் நிறுத்துகிற மாதிரி ஒரு டப்பா வாங்கி, அதன் வயரை உள்ளே விட்டு, இந்த மூலையில் பதித்திருக்கிறேன். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் சூடு வெளியே போக வழி வேண்டும் என்று பின்னால் நாலு விரல் இடமும், காற்றை இழுத்துவிடக் குட்டி ஃபேன் ஒன்றும் வைத்தேன். அதெல்லாம் என் தொழில், அதில் பிசகு வராது. மரவேலையில்தான் மானம் போனது. மேல் பலகையை ஒரே நீளமாகப் போட்டு, பதினாறு திருகாணி முறுக்கி, இரண்டு கை வார்னிஷும் அடித்துவிட்டு, அரசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மங்கையர்க்கரசி என் கையைப் பிடித்தது முதல் என்னை ஒரே கேள்வியில் கவிழ்க்கிறவள். சுற்றிச் சுற்றி வந்தாள், தட்டிப் பார்த்தாள், ‘எல்லாம் நல்லாத்தாங்க இருக்குது. பாட்டில எப்டி எடுப்பீங்க?’ என்றாள். ஃப்ரீசருக்கு மூடி மேல்பக்கம். அதன் மேல் பலகையைப் போட்டு அறைந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் இவரு ஐஸ் கம்பெனியில வேல செஞ்சாராம் என்று அன்று முழுக்க அடுப்படியில் தனியாகச் சிரித்தாள். பிறகு கோதண்ட ஆசாரியைக் கூப்பிட்டு, பலகையைப் பாதியில் அறுத்து, ஒரு பாதி தூக்குகிற மாதிரி கீல் போட்டோம். அவர் சும்மா போனாரா. ‘இன்னா தணிகாசலம், பாடையில ஆளு எழுந்து குந்துற மாதிரி இருக்குது’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாய் அப்படி, கை தங்கம்.

பதினொன்று. இறங்குகிறது, இறங்குகிறது. மேலே கட்டில் கிறீச்சிட்டதா? இல்லை, தெருவில் ஏதோ வண்டி. இது என்ன பயம், எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு தரம் கம்பெனியில் அமோனியா கசிந்தது, எல்லாரும் வெளியே ஓடினார்கள், நான் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினேன், கண் எரிந்த எரிச்சல் ஒரு வாரம் போகவில்லை, அப்போது பயமே வரவில்லை. இப்போது பதினாறு படி ஏறி மகனைக் கூப்பிடப் பயம். கூப்பிட்டு என்ன சொல்வது. வா, குடி என்றா. எந்த அப்பன் சொல்லியிருக்கிறான். எங்கள் அப்பா சொன்னாரா. எங்கள் அப்பா இருந்த வீட்டில் நான் நாற்பது வயசிலும் சிகரெட்டைக் கொல்லைச் சுவருக்குப் பின்னால்தான் பிடித்தேன். ஒரு நாள் மார்க்கெட் பக்கத்து ஒயின்ஷாப்பில் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறேன், அவர் உள்ளே வருகிறார். பாட்டில் தானாக மேஜைக்கு அடியில் போய்விட்டது, என் காலிடுக்கில், கால்சட்டையெல்லாம் ஈரம். அவர் என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், தேதி பார்க்க வந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு அந்த வேகாத வெயிலில் வெளியே போனார். அன்றிலிருந்து யாரும் பேசி முடிக்காமலே பங்கு பிரிந்துவிட்டது. மார்க்கெட் கடை எனக்கு, ரயில்வே கேட் கடை அவருக்கு. திரும்பி வரும்போது இரண்டு பேரும் வீட்டு வாசலில் இருந்த கொய்யா மரத்தில்தான் இலை பறித்து மெல்லுவோம், வாசம் தெரியாமல் இருக்க. கைக்கு எட்டின கிளையெல்லாம் மொட்டையாகத்தான் நிற்கும். அம்மா பூச்சி அரிக்கிறது என்று மருந்து அடித்தாள். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருக்கு எந்த பீர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் வேலை பார்த்த மில்லில் அவருக்கு யார் கூட்டாளி, என்னைப் பற்றி அவர்களிடம் என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. அது என்னமோ இப்போதெல்லாம் வலிக்கிறது. அப்போது வலிக்கவில்லை.

அதனால்தான் இந்தத் தட்டு. வெளிப்பக்கம், ஸ்டூலில் உட்காருகிறவன் முழங்காலுக்கு மேலே, பலகைக்கு ஒரு சாண் கீழே, ஒரு கிளாஸ் வைக்கிற அளவுக்குக் குட்டித் தட்டு. உள்பக்கம் நிற்கிறவன் கண்ணுக்கு அது படாது. நானே நின்று, குனிந்து, எக்கி எல்லாம் பார்த்துவிட்டேன், படாது. நான் உள்பக்கம் நிற்பேன். அவன் வெளிப்பக்கம் உட்காருவான். கிளாஸை அதில் வைத்துக்கொள்ளட்டும், எப்போது வேண்டுமோ எடுத்து ஒரு வாய் குடிக்கட்டும், நான் அப்போது காலண்டரையாவது பார்க்கிறேன். எனக்கு மரியாதை போகாது, அவனுக்குத் தாகம் தீரும், நடுவில் பேச்சும் நடக்கும். உலகத்தில் எவனாவது இப்படி ஒரு யோசனை பண்ணியிருப்பானா. அரசி அதையும் கண்டுபிடித்துவிட்டாள். ‘இது இன்னாத்துக்கு?’ என்றாள். மொபைல் வெக்கறதுக்கு என்றேன். ‘ஓகோ’ என்றாள். அவள் ஓகோ சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். இப்போது அடுப்படியில் நெத்திலி உரசிக்கொண்டிருக்கிறாள், மஞ்சளும் மிளகாயும் போட்டுப் புரட்டி வைப்பாள். நான் கேட்கவில்லை. யாருக்கு இவ்வளவு நெத்திலி என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. ஊரில் புருஷன் குடித்தால் பெண்டாட்டி கத்துவாள். இவள், ‘குடிக்கறதுக்குக் கோயிலே கட்டறீங்களா, கட்டுங்க, வாசல்ல செருப்ப உட சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு எனக்கு உப்புத்தாள் பிடித்துத் தேய்த்துக் கொடுத்தாள். எனக்கு வாய்த்தவள் அப்படி. நான் அதிர்ஷ்டக்காரன்தான், இதில் சந்தேகமே கிடையாது.

ஒன்பது. எட்டு. ஏழு. ஏழில் நின்றுவிட்டது. நகர மாட்டேன் என்கிறது. மேலே குழாய்ச் சத்தம், குளிக்கிறான். மணி ஐந்து நாற்பது. வருஷத்துக்கு ஒரு தரம் வருவான், இரண்டு வாரம் இருப்பான். எனக்கு இன்னும் பதினைந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம், ஆசைக்கு ஒரு குறைச்சலா, வைத்துக்கொள்வோம். இருநூறு சாயங்காலம் வரும். அதில் கல்யாணம் ஆனால் மாமியார் வீட்டுக்குப் பாதி. கூட்டாளிகளுக்குப் பாதியில் பாதி. ஊர் சுற்ற, கோயிலுக்குப் போக, உடம்பு சரியில்லாமல் படுக்க. மிச்சம் இருபதோ முப்பதோ. அதிலும் என்னோடு அவன் பேசுவது, சாப்ட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா. வேலை அயர்லாந்துக்கு மாறுகிறது என்று போனில் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? நல்ல வேல, போய்ட்டு வா என்றேன். அரை நிமிஷம். அவன் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று பேசாமல் இருந்தான், எனக்கு மூச்சுச் சத்தம் கேட்டது, நான் போனை அரசியிடம் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன். இந்தப் பாழாய்ப்போன ஏழு ஏன் இறங்கவில்லை. மூடி சரியாக உட்காரவில்லையோ, திறந்து அழுத்திப் பார்க்கலாமா, வேண்டாம், ஐயோ வேண்டாம், இப்போதுதானே ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் திறந்தேன். அதனால்தான் இறங்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நான்தான் திறந்துகொண்டே இருக்கிறேன். அடப்பாவி. என் கம்பெனியில் ஒருத்தன் இப்படிப் பண்ணியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நாலு வந்தால்தான் கூப்பிடுவேன் என்றும் சொல்லிக்கொள்கிறேன், நாலு வராமல் நானே பார்த்துக்கொள்கிறேன். நல்ல ஆள்தான் நான்.

ஸ்டூலைத் துடைத்து வைப்போம் என்று வெளிப்பக்கம் வந்து துண்டை உதறுகிறேன், படியில் செருப்புச் சத்தம். பதினாறு படியும் அவனே இறங்கிவிட்டான். ‘அம்மா, வர்…’ என்று ஆரம்பித்தவன் நிறுத்துகிறான். நெத்திலி வாசம் அவனை நிறுத்தியிருக்கும், அல்லது மூன்று நாளாகச் சாத்தியே கிடந்த இந்த அறையில் விளக்கு எரிவது. வாசலில் நிற்கிறான், தலையில் ஈரம், கையில் சாவி. ‘முடிஞ்சிருச்சாப்பா? அம்மா போன்ல சொன்னாங்க, நான் எதோ அலமாரின்னு நெனச்சேன்.’ சொல், சொல், இப்போது சொல். வா, குந்து. இரண்டு வார்த்தை. ‘கீல் கொஞ்சம் இறுக்கமா இருக்குது’ என்கிறேன். கீலுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறான், பலகையைத் தடவுகிறான், கீல் பள்ளத்தில் அவன் விரலும் நிற்கிறது, பிறகு நேராகச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போகிறான். உள்பக்கம் நான் நிற்க வேண்டிய இடம். ஆனால் பெரியவர்கள் இருக்கும்போது ஊற்றிக் கொடுக்கிறது சின்னவர்கள்தானே, கல்யாண வீட்டில் பாயசம் ஆனாலும் அதுதானே முறை, அவன் காலுக்கு அது தெரிந்திருக்கிறது, அவ்வளவு யோசனை பண்ணின எனக்குத் தெரியவில்லை. பலகையைத் தூக்குகிறான். பென்குயினைப் பார்த்து, ‘இது இன்னாப்பா’ என்கிறான். மூடியைத் திறக்கிறான். அடேய், பார்த்து. ‘சில்லுனு இருக்குதுப்பா!’ ஏழுதான் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ‘நீங்க குந்துங்க’ என்கிறான். குந்துகிறேன். என் ஸ்டூல் இல்லை இது, அவனுடையது.

கிளாஸைச் சாய்த்து, நுரை வராமல், என்ன பக்குவமாக ஊற்றுகிறான். நல்ல பழக்கம்தான். எங்கே கற்றான் என்று கேட்கவா முடியும். இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் வைக்கிறான், கோயில் தீர்த்தம் மாதிரி. ஒரு வாய் குடிக்கிறேன். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்காருகிறது, நெஞ்சு வழியாகக் குளிர் இறங்குவது தெரிகிறது, இரண்டு மாசத்து மரத்தூளெல்லாம் அதில் கரைந்து போகிறது. அப்புறம் நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. கிளாஸைக் கொண்டுபோய்ப் பலகைக்கு அடியில் அந்தத் தட்டில் வைத்துவிட்டது. வைத்துவிட்டு நான் காலிப் பலகைமேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாத பாப்பா. ‘கிளாஸு எங்கப்பா?’ எட்டிப் பார்க்கிறான். பார்த்தால் தெரியாது என்று சத்தியம் பண்ணினேனே, என் உயரத்துக்குத் தெரியாது, அவன் என்னைவிட ஒரு பிடி உயரம், அவனுக்குத் தெரிகிறது. ‘ஏம்ப்பா, எங்கிட்டயா ஒளிக்கறீங்க?’ வாசலில் நெத்திலித் தட்டோடு அரசி. ‘அது மொபைல் வெக்கறதுக்காம்’ என்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிறது, சட்டைக்குள் வேர்க்கிறது, அப்படியே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அரசி தட்டை வைத்துவிட்டு, நிற்காமல் போய்விடுகிறாள். போகும்போது கதவை மட்டும் லேசாகச் சாத்தினாள்.

அவனுக்கும் ஊற்றிக்கொள்கிறான், அரை கிளாஸ். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்புகிறான். அந்த மரியாதை போதும் எனக்கு, அதற்குமேல் வேண்டாம். நெத்திலி ஒன்றை எடுத்து உடைக்கிறான், தின்னவில்லை. ‘நான் டப்ளின் போறது உங்களுக்குப் புடிச்சிருக்குதாப்பா? அம்மாவக் கேட்டேன். உங்கப்பாவையே கேளுன்னாங்க.’ நல்ல வேல, போய்ட்டு வா. தயாராக இருக்கிறது, நாக்கு நுனியில் இருக்கிறது, சொன்னால் முடிந்தது, எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம், அவன் ஆறு மணிக்குக் கிளம்பலாம். அதே மூச்சுச் சத்தம், இந்தத் தரம் கொடுத்துவிடுவதற்குக் கையில் போன் இல்லை. ‘புடிக்கல தம்பி’ என்கிறேன். என் குரல்தானா அது. ‘போ. போவ வேணாம்னு சொல்லல. ஆனா புடிக்கல.’ பலகைமேல் கிடக்கிற அவன் போன் நடுங்குகிறது, கூட்டாளியாகத்தான் இருக்கும். எடுத்துக் காதில் வைக்கிறான். ‘இல்லடா, இன்னிக்கு வர்ல… சேச்சே, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது… எங்கப்பாகூடப் பேசிட்டிருக்கேன்.’ அந்தப் பக்கத்தில் கூட்டாளி நம்பவில்லை போலிருக்கிறது. ‘ஆமாண்டா, எங்கப்பாகூடத்தான்’ என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனை அணைத்துச் சட்டைப்பையில் போடுகிறான். இன்னொரு ஸ்டூலை இழுத்து, சுற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்திலேயே உட்காருகிறான். ‘சொல்லுங்கப்பா. ஏன் புடிக்கல?’

சொல்ல ஆரம்பிக்கிறேன்.